புதுக்கடையிலிருந்து கைதடிக்கு: ஒரு நீதிபதியின் அரசியல்

சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டைக்குள் ஒரு சின்ன இடுகாடு உண்டு. எழுத்துகளும் சின்னங்களும் ஆழமாகச் செதுக்கப்பட்ட கற்களை உப்புக் காற்று இன்னும் முழுசாகத் தின்று முடிக்கவில்லை. பெரும்பாலானவர்கள் மகாபலிபுரத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுவார்கள். கொஞ்சம் தெற்கே வருபவர்கள்கூட கல்பாக்கம் அணுமின் நிலையத்தைத்தான் கேட்பார்கள். சட்ராஸ் கோட்டை எங்களைப் போன்ற உள்ளூர்க்காரர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமைக் காதலர்களுக்கும்தான்.

மஸ்லின் துணி வாங்க வந்த டச்சுக்காரர்கள் 1825-ல் இந்த ஊரைப் பிரிட்டிஷாரிடம் விட்டுவிட்டுப் போனார்கள். இடிந்த மதிலும் கிடங்கும் கல்லறையும் தவிர இங்கே அவர்களுடையது எதுவும் மிச்சமில்லை. இலங்கையில் அப்படி இல்லை. 1796-ல் அங்கே டச்சுக்காரர்களைத் துரத்திய பிரிட்டிஷார், 1799-ல் ஒரு பிரகடனம் போட்டு, டச்சுக்காரர்கள் காலத்துச் சட்டங்களே தொடரும் என்றார்கள். அதனால் ரோமன்-டச்சுச் சட்டம் இன்றும் அந்நாட்டின் பொதுச் சட்டங்களில் ஒன்று. யாழ்ப்பாணத் தமிழர்களின் சொத்துரிமையை ஆளும் 'தேசவழமை'யைத் தொகுத்து எழுத வைத்ததும் டச்சு நிர்வாகம்தான், 1707-ல். எங்கள் ஊரில் அவர்கள் விட்டுப்போனது கல். கடலுக்கு அந்தப் பக்கம் விட்டுப்போனது சட்டம்.

கொழும்பில் நீதிமன்றங்கள் எல்லாம் கூடியிருக்கும் பகுதிக்கு ஹல்ஃப்ஸ்டோர்ப் என்று பெயர். 1656-ல் கொழும்பு முற்றுகையின்போது செத்துப்போன ஹல்ஃப்ட் என்ற டச்சுத் தளபதியின் பெயர் அது. தமிழர்களுக்கு அந்த இடம் புதுக்கடை. 'புதுக்கடைக்குப் போறன்' என்று ஒரு கொழும்புத் தமிழர் சொன்னால் வழக்கு விஷயமாகப் போகிறார் என்று அர்த்தம்.

மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்ட பெற்றோருக்கு 1939 அக்டோபர் 23 அன்று அந்தப் புதுக்கடையில் ஒரு பிள்ளை பிறந்தது. பெயர் விக்னேஸ்வரன். அறுபத்தைந்து வயது வரை அவர் வாழ்க்கை நீதிமன்றத்தைச் சுற்றியே ஓடியது. எழுபத்து நான்கை நெருங்கும் வயதில் வட மாகாணத்தின் முதல் முதலமைச்சரானார். ஐந்து வருடம் அந்த நாற்காலியில் இருந்தார். அந்த ஐந்து வருடங்கள் ஏன் அப்படி முடிந்தன என்பதுதான் எனக்குக் கேள்வி.

நம் பக்கத்தில் அவரைப் பற்றி இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். ஒன்று, இனத்துக்காக உரத்துப் பேசிய ஒரே தலைவர். இன்னொன்று, நிர்வாகம் தெரியாமல் கிடைத்த வாய்ப்பைக் கெடுத்த கொழும்புக்காரர். இரண்டுமே அவருடைய குணத்தைப் பற்றிய பதில்கள். அவர் என்ன வேலையிலிருந்து என்ன வேலைக்குப் போனார் என்பதை இரண்டுமே கேட்பதில்லை.

ஏணி

விக்னேஸ்வரன் கொழும்பு ராயல் கல்லூரியில் படித்து, சட்டம் படித்து, வழக்கறிஞராகத் தொழில் செய்து, 1979-ல் நீதித்துறையில் சேர்ந்தார். மட்டக்களப்பு உள்ளிட்ட வடக்கு கிழக்கு ஊர்களில் கீழ்நிலை நீதிமன்றங்களில் தொடங்கினார்.

அந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டம் இலங்கையில் வந்தது 1979 ஜூலையில். தற்காலிகச் சட்டம் என்று சொல்லிக் கொண்டுவந்தார்கள். 1982-ல் நிரந்தரமாக்கினார்கள். குறிப்பிட்ட பதவிநிலைக்கு மேற்பட்ட போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தையே நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்கலாம் என்றது அந்தச் சட்டம். அடித்து வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் பொறுப்பு கைதியின் தலையில். ஆக, ஒரு தமிழ் நீதிபதியின் பணிக்காலமும் அந்தச் சட்டத்தின் ஆயுளும் ஏறத்தாழ ஒரே புள்ளியில் தொடங்குகின்றன.

அங்கிருந்து அவர் ஏணியில் படிப்படியாக ஏறினார். 1988-ல் மேல் நீதிமன்றம். 1995-ல் மேன்முறையீட்டு நீதிமன்றம். 2001-ல் நாட்டின் உச்ச நீதிமன்றம். (இலங்கைத் தமிழில் 'உயர் நீதிமன்றம்' என்றால் அது நம்முடைய சுப்ரீம் கோர்ட்டுக்குச் சமம். குழப்பம் வரக்கூடாது என்பதால் இங்கே உச்ச நீதிமன்றம் என்றே எழுதுகிறேன்.) 2004-ல் ஓய்வு.

இருபத்தைந்து வருடம். இந்த இருபத்தைந்து வருடம் ஒரு மனிதனை என்ன செய்யும்?

செங்கல்பட்டு கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற பெரியப்பா ஒருவர் எனக்கு உண்டு. இதைப் பற்றி ஒருமுறை பேச்சு வந்தபோது டீ கிளாஸை வைத்துவிட்டு அவர் சொன்னது: "ஜட்ஜ் உள்ள வந்தா எல்லாரும் எழுந்து நிப்பாங்க. அவர் வாயத் தொறந்தா மத்தவங்க மூடிக்குவாங்க. அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டா அத நடத்துறது வேற ஆளுங்க வேல. அமீனா இருக்கான், போலீஸ் இருக்கான். வருஷக்கணக்கா அப்படியே பழகிட்டு அரசியலுக்கு வந்தா, அமீனா எங்கன்னு தேடுவாங்கடா."

சிரித்தோம். ஆனால் அந்த 'அமீனா எங்க' என்ற கேள்வி என்னை விடவில்லை. விக்னேஸ்வரனின் ஐந்து வருடங்களை அந்த ஒரு கேள்வியை வைத்தே படிக்கலாம் என்று பிறகு தோன்றியது.

மற்ற நீதிபதிகள்

நீதிபதி அரசியலுக்கு வருவது புதிதல்ல. மணி ஐயர் என்று அழைக்கப்பட்ட சர் எஸ். சுப்பிரமணிய ஐயர் 1895 முதல் 1907 வரை சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி. தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்தவர். ஓய்வுக்குப் பின் 1916-ல் அன்னி பெசன்ட்டின் ஹோம் ரூல் லீகுக்குக் கௌரவத் தலைவரானார். பெசன்ட்டைக் காவலில் வைத்தபோது, 1917-ல் அமெரிக்க அதிபர் வில்சனுக்கே நேராகக் கடிதம் எழுதினார். லண்டன் கொதித்தது. அவர் தன் பட்டங்களைத் துறந்தார்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி வாழ்வைத் தொடங்கிய கே. சுப்பா ராவ், இந்தியாவின் தலைமை நீதிபதியாக இருந்தபோதே 1967 ஏப்ரலில் ராஜினாமா செய்துவிட்டு, எதிர்க்கட்சிகளின் குடியரசுத் தலைவர் வேட்பாளரானார். அடிப்படை உரிமைகளில் நாடாளுமன்றம் கைவைக்க முடியாது என்று கோலக்நாத் வழக்கில் தீர்ப்பு சொல்லி இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஜாகிர் ஹுசைனிடம் தோற்றார். கொல்கத்தா உயர் நீதிமன்றத்தின் அபிஜித் கங்கோபாத்யாய 2024 மார்ச்சில் பதவி விலகி இரண்டு நாளில் பாஜகவில் சேர்ந்து, அடுத்த சில மாதங்களில் எம்.பி.யும் ஆகிவிட்டார்.

இவர்கள் வகையில் விக்னேஸ்வரனைச் சேர்க்க முடியாது. மணி ஐயருக்கு ஆட்சி இல்லை, எதிர்ப்பு மட்டும்தான். அங்கே நீதிபதியின் குரலே போதும். சுப்பா ராவ் ஜெயித்திருந்தாலும் அது பெரிதும் அலங்காரப் பதவி. கங்கோபாத்யாய விஷயத்தில் எழுந்த கேள்வி, நேற்று வரை சொன்ன தீர்ப்புகளை இன்று எப்படிப் படிப்பது என்பது. விக்னேஸ்வரன் ஓய்வுபெற்று ஒன்பது வருடம் கழித்து வந்தார். அதனால் அந்தச் சந்தேகம் அவர்மேல் விழவில்லை. ஆனால் இவர்கள் யாருக்கும் கிடைக்காத ஒன்று அவருக்குக் கிடைத்தது: ஒரு போர் முடிந்த நிலத்தில், ஒரு அரசாங்கம் மாதிரி தோற்றமளித்த ஒன்றின் தலைமை.

நீதிபதியும் மனுதாரரும்

2013 செப்டம்பர் 21. வட மாகாண சபைக்கு முதல் தேர்தல். மாகாண சபைகள் 1987-ல் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் விளைவாகப் பிறந்தவை. பிறந்த காரணமே தமிழர் பிரச்சினை. வடக்கும் கிழக்கும் இணைந்த மாகாணத்துக்கு 1988-ல் தேர்தல் நடந்து, வரதராஜப் பெருமாள் முதலமைச்சராகி, 1990-ல் அந்தச் சபை கலைந்தது. 2006-ல் அந்த இணைப்பே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மற்ற மாகாணங்களில் சபைகள் நடந்துகொண்டிருக்க, யாருக்காக இந்த ஏற்பாடு வந்ததோ அவர்களுடைய வடக்குக்குத் தனியாக ஒரு சபை வர கால் நூற்றாண்டு ஆனது.

தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவர் இரா. சம்பந்தன் விக்னேஸ்வரனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் புரிந்துகொள்ளக்கூடியவை. கூட்டமைப்புக்குள் முன்னாள் ஆயுத இயக்கங்கள் இருந்தன, பழைய தமிழரசுக் கட்சி இருந்தது. ஒருவரை நிறுத்தினால் மற்றவர் முகம் சுளிப்பார். விக்னேஸ்வரன் எந்தக் கட்சியும் இல்லாதவர், கையில் ரத்தக் கறை இல்லாதவர். சிங்கள உலகிலும் மதிப்பு உள்ளவர். இடதுசாரி அமைச்சர் வாசுதேவ நாணயக்கார அவருக்குச் சம்பந்தி. எல்லாக் கட்சிகளும் சேர்ந்து கேட்டால்தான் வருவேன் என்று அவர் நிபந்தனை போட்டதாக அப்போது செய்திகள் வந்தன. இது ஒரு நீதிபதி போடக்கூடிய நிபந்தனைதான். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் மத்தியஸ்தம் செய்கிறேன் என்பது போல.

முடிவு: 38 இடங்களில் 30 கூட்டமைப்புக்கு. விக்னேஸ்வரனுக்கு 1,32,255 விருப்பு வாக்குகள். இரண்டாவதாக வந்தவர் அனந்தி சசிதரன், 87,870.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அனந்தி, போரின் கடைசி நாட்களில் ராணுவத்திடம் சரணடைந்து பின் காணாமல் போன விடுதலைப் புலிகளின் முக்கியஸ்தர் ஒருவரின் மனைவி. கணவர் எங்கே என்று கேட்டு அலைந்துகொண்டிருந்தவர். வேறு விதமாகச் சொன்னால், அந்த மாகாணத்து மக்கள் முதலிடத்தில் ஒரு நீதிபதியையும் இரண்டாமிடத்தில் ஒரு மனுதாரரையும் வைத்தார்கள். ரோடு, குளம், பஸ் நிலையம் ஆகியவற்றை நிர்வகிக்கும் சபைக்கான தேர்தல் அது. மக்கள் அதை ஒரு நீதிமன்றம் போலப் பயன்படுத்தினார்கள். கேட்பதற்கு ஒரு விசாரணை மன்றம் எங்கேயும் இல்லாதபோது வேறு எங்கே போவார்கள்?

அக்டோபர் 7 அன்று ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச முன்னிலையில் விக்னேஸ்வரன் பதவிப் பிரமாணம் செய்தார். போரை நடத்தி முடித்தவர் முன்னால் போய் நிற்பதா என்று கூட்டமைப்புக்குள்ளேயே முணுமுணுப்பு எழுந்தது. சுமுகமாகப் பேசி வேலையை நடத்தலாம் என்று அவர் அப்போது நம்பியிருக்க வேண்டும்.

நாற்காலியை வரைந்தவர்கள்

என் தொழிலில் ஒரு சங்கடம் அடிக்கடி வரும். புதிதாக ஒரு சிஸ்டத்தின் பொறுப்பை நம்மிடம் ஒப்படைப்பார்கள். லாகின் தருவார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் எல்லாம் தெரியும், எதையும் மாற்ற முடியாது. அட்மின் உரிமை வேறு யாரிடமோ இருக்கும். வட மாகாண முதலமைச்சர் பதவி அப்படிப்பட்டது.

இலங்கை அரசமைப்பின் 13ஆவது திருத்தத்தைப் படித்தால் இது தெரியும். மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரம் ஆளுநரிடம். ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. அமைச்சர் குழு ஆளுநருக்கு ஆலோசனை சொல்லும். ஆளுநர் அதன்படி நடக்க வேண்டும், அவருடைய தற்றுணிபுக்கு உட்பட்ட விஷயங்கள் தவிர. எது தற்றுணிபுக்கு உட்பட்டது என்று முடிவு செய்வதும் ஆளுநரே. மாகாண அரசு ஊழியர்கள் மீதான அதிகாரமும் ஆளுநரிடம். மாகாண சபை இயற்றுவதற்கு அங்கே நியதிச்சட்டம் என்று பெயர். பணம் சம்பந்தப்பட்ட நியதிச்சட்டம் என்றால் ஆளுநரின் பரிந்துரை இல்லாமல் நகராது.

விக்னேஸ்வரன் வந்தபோது வடக்கின் ஆளுநர் ஜி. ஏ. சந்திரசிறி, ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல்.

இதில் ஒரு கிளைக்கதை உண்டு. 1987-ல் இந்தத் திருத்தம் அரசமைப்புக்கு முரணானது, ஒற்றையாட்சியை உடைக்கிறது என்று உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் குவிந்தன. ஒன்பது நீதிபதிகள் கேட்டார்கள். 5-4 என்ற மயிரிழையில் திருத்தம் தப்பியது. அப்போதைய தலைமை நீதிபதி எஸ். சர்வானந்தா, ஒரு தமிழர். திருத்தத்தைக் காப்பாற்றிய தரப்பின் வாதத்தைச் சுருக்கினால் இப்படி வரும்: மாகாண சபைகள் நாடாளுமன்றத்துக்குக் கீழ்ப்பட்ட அமைப்புகள்தான், அவற்றுக்கு இறைமை கிடையாது, ஆளுநர் வழியாக ஜனாதிபதியின் பிடி அப்படியே இருக்கிறது, ஆகவே ஒற்றையாட்சிக்கு எந்த ஆபத்தும் இல்லை.

அதாவது, மாகாண சபை பலவீனமானது என்று நிரூபித்ததால்தான் அது பிழைத்தது. பலமாக இருந்திருந்தால் செத்திருக்கும். அப்போது அதைக் காப்பாற்ற வேறு வழி இருந்திருக்காது என்றும் வாதிடலாம். சர்வானந்தா ஓய்வுபெற்ற பின் மேல் மாகாணத்தின் முதல் ஆளுநராகவும் ஆனார். ஒரு தமிழ் நீதிபதி சட்டப்படி செல்லும் என்று சான்று கொடுத்த நாற்காலியில், கால் நூற்றாண்டு கழித்து இன்னொரு தமிழ் நீதிபதி வந்து உட்கார்ந்தார். சான்றில் எழுதியிருந்தது உண்மை என்பதை அவர் உட்கார்ந்த பிறகுதான் மக்கள் பார்த்தார்கள்.

தீர்மானங்கள்

முதல் மோதல் சீக்கிரமே வந்தது. மாகாணத் தலைமைச் செயலாளர் யாருக்குக் கீழ்? நியமிப்பவர் ஜனாதிபதி, வேலை பார்ப்பது முதலமைச்சரோடு. முதலமைச்சர் விதிமுறைகள் வகுத்து ஒரு சுற்றறிக்கை விட்டார். தலைமைச் செயலாளர் 2014-ல் உச்ச நீதிமன்றம் போனார். பத்து வருடம் முன்பு வரை தான் உட்கார்ந்திருந்த மன்றத்தில் விக்னேஸ்வரன் எதிர்மனுதாரர். முடிவு அவருக்குச் சாதகமாக வரவில்லை. வெளிநாட்டுத் தமிழர் பணத்தை வாங்கி வேலை செய்ய முதலமைச்சர் நிதியம் ஒன்றை அமைக்கப் பார்த்தார். அதுவும் கடைசி வரை அனுமதிக்காகக் காத்துக் கிடந்தது.

அமீனா இல்லை என்பது தெரிந்துவிட்டது. இனி என்ன செய்வது?

எழுதுவது. விக்னேஸ்வரன் தனக்கு நன்றாகத் தெரிந்த வேலைக்குத் திரும்பினார் என்றுதான் நான் படிக்கிறேன். நியதிச்சட்டங்கள் சொற்பமாகவும் தீர்மானங்கள் நூற்றுக்கணக்கிலும் வந்த சபை அது. விமர்சகர்கள் இன்றுவரை சொல்லிக் காட்டுவது இதைத்தான். அவற்றில் பெரியது 2015 பிப்ரவரி 10 அன்று நிறைவேறியது. 1948 முதல் வந்த இலங்கை அரசுகள் தமிழர்களுக்கு எதிராக இனப்படுகொலை செய்தன என்று சொல்லி, சர்வதேச விசாரணையைக் கேட்ட தீர்மானம். முன்வைத்தவர் முதலமைச்சரே. ஒரு வருடம் முன்பு, உறுப்பினர்கள் இதே சொல்லைக் கொண்டுவந்தபோது தயங்கி அதை மென்மைப்படுத்த வைத்தவரும் இவர்தான். இனப்படுகொலை என்பது சட்டத்தில் வரையறை உள்ள சொல், கோபத்தில் வீசும் சொல் அல்ல என்பது நீதிபதிக்குத் தெரியும். தானே எழுதும்போது அதைத் தீர்ப்பின் வடிவத்தில் எழுதினார். சம்பவங்கள், சட்டப்பிரிவுகள், முடிவு.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அதை நிறைவேற்றி வைக்கும் அதிகாரம் மட்டும் யாரிடமும் இல்லை.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு, நடந்ததை ஒரு அரசு அமைப்பு, அதன் லெட்டர்ஹெட்டில், பெயர் சொல்லி எழுதியது ஒன்றுமில்லாத விஷயம் இல்லை. ஆனால் கொழும்பில் அப்போதுதான் ராஜபக்ச தோற்று மைத்திரிபால சிறிசேன ஆட்சிக்கு வந்திருந்தார். புது அரசோடு பேசி அரசமைப்பை மாற்றலாம் என்று சம்பந்தன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அங்கே பேச்சுவார்த்தை, இங்கே தீர்ப்பு. பேச்சுவார்த்தையில் எதிரியை நாளை வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். தீர்ப்பில் அந்தத் தேவை இல்லை. 2015 பொதுத் தேர்தலில் யாருக்கும் ஆதரவில்லை, நான் நடுநிலை என்றார் முதலமைச்சர். தன்னை நிறுத்திய கட்சியின் தேர்தலில்! அரசியல்வாதிக்கு அது துரோகம், நீதிபதிக்கு அது ஒழுக்கம். ஒரே வார்த்தைக்கு இரண்டு அகராதி.

அந்த வருடக் கடைசியில் தமிழ் மக்கள் பேரவை உருவாகி, அவர் அதன் இணைத் தலைவரானார். 2016 செப்டம்பர் 24 அன்று யாழ்ப்பாணத்தில் பேரவை நடத்திய 'எழுக தமிழ்' பேரணிக்குப் பெரும் கூட்டம் வந்தது. ஊடகங்களுக்கு 'வாரத்துக்கொரு கேள்வி' என்று எழுதி அனுப்பும் பழக்கமும் அவருக்கு இருந்தது. ஒரு கேள்வி, அதற்கு அவருடைய நீண்ட பதில். குறுக்கே யாரும் பேச முடியாத வடிவம்.

தன் சொந்த மன்றத்தில்

2017-ல் எல்லாம் ஒன்றாக வந்து மோதியது. அமைச்சர்கள் மீது முறைகேட்டுப் புகார்கள். வேறு எந்த முதலமைச்சராக இருந்தாலும் கட்சித் தலைவர்களை அழைத்து, ஒரு அறையில் உட்கார்ந்து, யார் போவது யார் இருப்பது என்று பேசி முடித்திருப்பார். விக்னேஸ்வரன் ஓய்வுபெற்ற நீதிபதிகளும் இடம்பெற்ற விசாரணைக் குழு அமைத்தார். நேர்மையான வழி. இந்தியாவில் எத்தனை முதலமைச்சர்கள் தங்கள் அமைச்சர்களையே இப்படி விசாரிக்க விட்டிருக்கிறார்கள்?

குழு இரண்டு பேர் மீது குற்றம் கண்டது. மற்ற இருவர் மீது நிரூபணம் இல்லை என்றது. ஜூன் 14 அன்று சபையில் அவர் அறிவித்தார்: முதல் இருவரும் பதவி விலக வேண்டும், மற்ற இருவரும் ஒரு மாதம் விடுப்பில் போக வேண்டும், அவர்கள் விஷயத்தை மறுபடியும் விசாரிக்க வேண்டும்.

அன்றிரவே அவர் கூட்டணி உறுப்பினர்கள் பலரும் கையெழுத்திட்ட நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஆளுநரிடம் போனது. 38 பேர் சபையில் 21 கையெழுத்து. குற்றமற்றவர்கள் என்று விட்டவர்களையும் ஏன் தண்டிக்கிறார் என்பது அவர்கள் வாதம். ஜனங்கள் மறுபக்கம் நின்றார்கள். முதலமைச்சருக்கு ஆதரவாக ஊர்வலம் வந்தது, கடைகள் அடைத்தார்கள். சம்பந்தனோடு கடிதங்கள் போய்வந்து, சில நாட்களில் சமரசமாகி, தீர்மானம் வாபஸ் ஆனது. மக்கள் நீதிபதியின் பக்கம், உறுப்பினர்கள் எதிர்ப்பக்கம். ஆனால் சபையில் எண்ணுவது கைகளை மட்டும்தான்.

ஆகஸ்டில், நிரூபணம் இல்லை என்று சொல்லப்பட்ட இருவரில் ஒருவரான பா. டெனீஸ்வரனை முதலமைச்சர் நீக்கினார். டெனீஸ்வரன் சட்டத்தரணி. நேராக மேன்முறையீட்டு நீதிமன்றம் போனார். 1995 முதல் 2001 வரை விக்னேஸ்வரன் நீதிபதியாக இருந்த அதே நீதிமன்றம்.

கேள்வி எளிமையானது: ஒரு மாகாண அமைச்சரை நீக்கும் அதிகாரம் யாருக்கு? அரசமைப்பு நியமனத்தைப் பற்றித்தான் சொல்கிறது. முதலமைச்சரின் ஆலோசனையின் பேரில் ஆளுநர் நியமிப்பார். நீக்கத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. 2018 ஜூனில் நீக்கத்துக்கு இடைக்காலத் தடை. 2019 ஆகஸ்டில் இறுதித் தீர்ப்பு: நியமிப்பவருக்கே நீக்கும் அதிகாரம், அவர் ஆளுநர்; முதலமைச்சர் தானே நீக்கியது செல்லாது.

சட்டத்தைப் படித்தால் தர்க்கம் சரியாகத்தான் இருக்கிறது. விக்னேஸ்வரனே அந்த பெஞ்சில் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். ஆளுநருக்கு ஒரு கடிதம் எழுதி, இவரை நீக்குங்கள் என்று ஆலோசனை சொல்லி, அவர் கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஜனாதிபதி நியமித்த ஒருவரிடம் போய், ஒன்றரை லட்சம் பேருக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் தேர்ந்தெடுத்த ஒருவர் கையெழுத்துக் கேட்க வேண்டும். அதைச் செய்ய அவருக்கு மனம் வரவில்லை. அரசியலாகப் பார்த்தால் அந்த மறுப்பு நியாயம். சட்டமாகப் பார்த்தால் தவறு. இத்தனை வருடம் சட்டமாகவே பார்த்துப் பழகியவர் அரசியலாகப் பார்க்கத் தொடங்கிய இடத்தில், சட்டம் அவரைப் பிடித்துக்கொண்டது.

காலி நாற்காலி

2018 அக்டோபர் 24 அன்று, சபையின் ஆயுள் முடிந்த கையோடு, தமிழ் மக்கள் கூட்டணி என்று புதுக் கட்சியை அறிவித்தார். 2020 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் அணி ஒரே ஒரு இடத்தை வென்றது. அது அவருடையது. யாழ்ப்பாணம் தேர்தல் மாவட்டத்தில் 21,554 விருப்பு வாக்குகள். 2013-ல் ஐந்து மாவட்டங்கள் கொண்ட முழு மாகாணத்திலும் அவர் முகம் இருந்தது, பின்னால் ஒரு பெரிய கூட்டணி இருந்தது. நேரடியாக ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் சரிவு சரிவுதான். புது நாடாளுமன்றத்தில் முதல் பேச்சிலேயே தமிழின் தொன்மையைப் பற்றி, இந்த மண்ணின் முதல் மக்களின் மொழி அது என்று பேசினார். அதை ஹன்சாட்டிலிருந்து நீக்கச் சொல்லி மறுநாளே எதிர்ப்பு கிளம்பியது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் போட்டியிடவில்லை.

அவர் தோற்றார் என்று எழுதி முடிப்பது சுலபம். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. அவரிடம் பேரம் பேசும் பொறுமை இருந்திருந்தால் சில நியதிச்சட்டங்கள் அதிகம் வந்திருக்கும், சில திட்டங்கள் நடந்திருக்கும், நான்கு அமைச்சர்களின் சண்டை நாலு சுவருக்குள் முடிந்திருக்கும். இதெல்லாம் சின்ன விஷயங்கள் இல்லை. போரில் எல்லாம் இழந்த ஒரு குடும்பத்துக்கு ஒரு கிணறும் ஒரு பள்ளிக்கூடமும் பெரிய விஷயம். அந்தக் கணக்கில் அவர் மக்களுக்குக் கடன்பட்டிருக்கிறார். ஆனால் அந்தப் பொறுமைசாலி முதலமைச்சரும் ஆளுநரின் கையெழுத்துக்காகத்தான் காத்திருந்திருப்பார். நாற்காலி அப்படித்தான் செய்யப்பட்டிருந்தது. விக்னேஸ்வரன் சத்தம் போட்டதால்தான் அதன் கால்கள் எவ்வளவு குட்டை என்று எல்லோருக்கும் தெரிந்தது.

யாழ்ப்பாணத்துக்குச் சற்று வெளியே, கைதடியில் வட மாகாண சபையின் கட்டடம் இருக்கிறது. 2018 அக்டோபருக்குப் பிறகு அந்தச் சபைக்குத் தேர்தலே நடக்கவில்லை. மற்ற மாகாணங்களுக்கும் அதே கதிதான். எட்டுப் பேர் வந்து அமர்ந்தாலும் முப்பத்தெட்டுப் பேர் வந்து அமர்ந்தாலும் தீர்மானம் போடவாவது ஒரு கூடம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. ஆளுநர் மட்டும் இருக்கிறார். சட்டப்படி அதிகாரம் அவரிடம்தானே, அதனால் நிர்வாகம் எந்தச் சிக்கலும் இல்லாமல் நடக்கிறது.

இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அப்போ அந்தம்மா? புருஷனத் தேடிட்டிருந்தாங்களே, அவங்க மனு என்னாச்சு?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. 2013-ல் நீதிபதிக்கு ஓட்டுப் போட்டவர்களிடமும் இல்லை. அவர்கள் கேட்ட கேள்வியும் அதுதான்.